மூட்டைக்குக் குறி சொன்னவள்

ஊர்க் குப்பை பாதி என் லாரியில்தான் ஏறுகிறது. அது போய் இறங்குகிற கொட்டகையில் நீளமான ரப்பர் பெல்ட் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று மக்குவதைத் தனியாக, காகிதத்தைத் தனியாக, பாட்டிலைத் தனியாகப் பொறுக்கிப் போடுவார்கள். எட்டு மணி நேரம் நின்றபடி நாற்றத்தோடு குடித்தனம் நடத்த வேண்டுமென்றால் வாய் சும்மா இருக்குமா? மூட்டையைப் பிரிக்கும்போதே அது எப்படிப்பட்ட வீடு என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இதற்குக் கொட்டகையில் குறி சொல்வது என்று பெயர்.

"இந்த வீட்ல அம்மா ஊருக்குப் போயிருக்காங்க. மூணு நாளா அடுப்பே பத்த வெக்கல, எல்லாம் ஓட்டல் பொட்டலம்."

"இவருக்கு இனிப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மாத்திரை அட்டையும் இருக்கு, அதுக்குள்ள ஒளிச்சு வெச்ச மிட்டாய்த் தாளும் இருக்கு."

இதில் யாரும் கிட்டே நெருங்க முடியாத ஒருத்தி இருக்கிறாள். நாற்பதைத் தாண்டியவள், கட்டை குட்டையான உடம்பு, பேச ஆரம்பித்தால் பெல்ட் சத்தமே கேட்காது. அவளை எல்லோரும் குறிக்காரி என்றுதான் கூப்பிடுவோம். நான் அவளுக்கு மாமனுமில்லை மச்சானுமில்லை. ஆனாலும் அவளைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த கதை முழுவதும் என் கண் முன்னால்தான் நடந்தது. முதலில் எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெல்ட்டில் அவளுக்குப் பக்கத்து இடம் அவள் தங்கச்சியுடையது. அக்காவும் தங்கச்சியும் ஒரே வீடு, ஒரே வேலை, ஓயாத சண்டை. ஒரு நாள் மத்தியானம் தங்கச்சி பழத்தோல் நிறைந்த ஒரு பையைக் கையால் அழுத்தி ஒதுக்கினாள். உள்ளே காகிதத்தில் சுற்றிய ஓர் உடைந்த சோதனைக் குழாய் இருந்தது. அது கையுறையைக் கிழித்துக்கொண்டு வலது கட்டை விரலின் அடியில் இறங்கிவிட்டது. அவளை என் லாரியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வழியெல்லாம் அக்காக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

நரம்பு அறுந்திருந்தது. தைத்துவிட்டு டாக்டர் சொன்னார்: "மூணு மாசம் கைக்கு வேலை குடுக்கக் கூடாது. விரல் பழையபடி மடங்காது, ஆனா பிடிக்கலாம். இன்னொரு தடவை இதே இடத்துல வெட்டுப்பட்டா தைக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது."

"வேற வேலைக்குப் போயிடேன்" என்று நான்தான் தங்கச்சியிடம் சொன்னேன்.

"நான் ஏண்ணே போகணும்? கண்ணாடிதான் போகணும்" என்றாள். அக்காவுக்கு எந்த வகையிலும் இளைத்தவள் இல்லை.

குழாயைச் சுற்றியிருந்த காகிதத்தைக் குறிக்காரி எடுத்து வைத்துக்கொண்டாள். அறிவியல் நோட்டிலிருந்து கிழித்த தாள். பாதி ரத்தம், பாதி எழுத்து. மேல் மூலையில் ஒரு பிள்ளையின் பெயர், எட்டாம் வகுப்பு என்ற குறிப்பு, பள்ளிக்கூடத்தின் முத்திரை எல்லாம் தெளிவாக இருந்தன. என் லாரி நிற்கிற மூன்றாவது இடம் அந்தப் பள்ளிக்கூடம்தான். "கொண்டு போய் மேஜையில வெச்சுக் கேளு. அந்தப் பிள்ளையோட அப்பனைக் கூப்பிடச் சொல்லு" என்றேன். தாளை நான்காக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டாள். தங்கச்சிக்குத் தையல் பிரித்த மறுநாள் என்னோடு லாரியில் ஏறினாள்.

தலைமையாசிரியை அவளுடைய ரப்பர் பூட்ஸைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "என்னம்மா, கம்ப்ளெயின்ட்டா?"

நான் தாள் வெளியே வரும் என்று காத்திருந்தேன். அவள் பர்சைத் தொடக்கூட இல்லை. ஜன்னல் வழியாக மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இல்லம்மா. எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கணும். குப்பையைப் பத்தி."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது. ஆனா பதினோரு வருஷமா உங்க ஸ்கூல் குப்பை என் கை வழியாத்தான் போகுது. போன வாரம் உங்க மீட்டிங்ல எத்தனை கேக் மிச்சமாச்சுன்னு சொல்லட்டுமா?"

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கிடைத்தது. வெளியே வந்ததும் ஏன் தாளைக் காட்டவில்லை என்று சண்டை போட்டேன். "ஒரு பிள்ளையை மாட்டி விட்டா மிச்சம் முப்பத்தொன்பது பிள்ளைங்க என்ன கத்துக்கும்? அகப்படக் கூடாதுன்னுதான் கத்துக்கும்" என்றாள். அன்றைக்கு அப்படிச் சொன்னவள்தான் பிறகு அதே தப்பைச் செய்தாள்.

கணக்கு எளியது. தங்கச்சி வேலைக்குத் திரும்ப இரண்டரை மாதம் இருந்தது. அதற்குள் அந்தப் பள்ளியிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டுகூடக் குப்பையோடு கலந்து வரக் கூடாது. மற்ற இடங்களிலிருந்து கண்ணாடி வருவது அபூர்வம். ஆய்வகம் வைத்துக்கொண்டு வாரம் நாலு குழாய் உடைப்பது இவர்கள் மட்டும்தான்.

நல்லபடியாகத்தான் தொடங்கினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த நாற்பது பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தினாள். பள்ளியின் பின்பக்கம் ஓட்டை போட்ட ஒரு பெரிய டிரம் வைத்தாள். அடியில் காய்ந்த இலை, மேலே பழத்தோலும் காய்கறிக் கழிவும், அதற்கு மேல் மறுபடி இலை. "அள்ளிப் பிழிஞ்சு பாரு. ஒரு சொட்டு வந்தா சரி. ஒழுகினா இலை போடு. சொட்டே வரலைன்னா தண்ணி தெளி." இரண்டாவது வாரம் டிரம்முக்குள் சூடு ஏறியிருந்தது. கையை உள்ளே விட்ட ஒரு பிள்ளை, "அக்கா, இதுக்குக் காய்ச்சல் அடிக்குது!" என்று கத்தியது. அதற்கப்புறம் மூக்கைப் பிடிக்க யாருக்கும் நேரமில்லை. கையை விட்டுப் பார்க்க அடித்துக்கொண்டார்கள்.

காகிதம் நனையாமல் இருந்தால்தான் திரும்பக் காகிதமாகும் என்றாள். பாட்டிலைக் கழுவிப் போடச் சொன்னாள். கண்ணாடியைத் தனியாக டப்பாவில் போட்டு ஒட்டித் தர வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் சொன்னாள். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. தங்கச்சி கையைப் பற்றி மூச்சுவிடவில்லை. "ஏம்மா, அதைச் சொன்னா ஒரே நாள்ல முடிஞ்சுதே?" என்று கேட்டேன். "நான் பாடம் எடுக்க வந்திருக்கேன். கையேந்த வரலை" என்று வெடுக்கென்று சொன்னாள். வீம்பு.

நாலாவது வாரம் பிள்ளைகளுக்குச் சுவாரசியம் கூட்ட நினைத்து, அந்த வகுப்பின் குப்பை மூட்டையையே மேஜையில் கவிழ்த்துக் குறி சொன்னாள். எனக்குத் தெரிந்து அவள் அவ்வளவு உற்சாகமாய் இருந்ததில்லை. "இந்த டப்பாக்காரருக்குக் கேரட் ஆகாது. தினம் மிச்சம்." ஒரே சிரிப்பு. "இந்தப் பென்சிலைக் கடிச்சவருக்கு முன்பல் ஒண்ணு இல்ல." வகுப்பே திரும்பி, விளையாட்டில் பல் விழுந்த ஒருவனைப் பார்த்து ஆரவாரம் செய்தது. பிறகு கிழித்துப் போட்டிருந்த ஒரு தாளின் துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்தாள். யோசிக்கவே இல்லை. வாய் தானாக வேலை செய்தது.

"அடடே! இங்க ஒருத்தர் அப்பா கையெழுத்தை எட்டு தடவை போட்டுப் பழகியிருக்காங்க. எட்டாவது அசல் மாதிரியே இருக்கு!"

இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் மேஜையில் தலை கவிழ்ந்தாள். பின்னால் நின்றிருந்த அறிவியல் ஆசிரியர் துண்டுகளை வாங்கிப் பார்த்தார். அடுத்த இரண்டு நாள் அந்தப் பெண் வகுப்புக்கு வெளியே நின்றாள், மூன்றாம் நாள் அவள் அப்பா வந்தார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு லாரியில் திரும்பும்போது குறிக்காரி சிரித்துக்கொண்டே வந்தாள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து பள்ளி மூட்டைகள் மாறின. காகிதமெல்லாம் நகம் அளவுக்குக் கிழிந்து, குழம்பில் ஊறி வந்தது. பொட்டலத்துக்குள் பொட்டலம், அதற்குள் இன்னொன்று. பிரித்தே போட வராத மூட்டைகள். ஒரு தனிக் கண்ணாடி டப்பாகூட வரவில்லை. "ஒருவேளை இப்ப ஒண்ணும் உடையறதில்லையோ என்னவோ" என்று நான் ஆறுதல் சொன்னேன்.

ஆறாவது வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் வருவதற்குமுன் டிரம்மைக் கிளறினாள். ஒரு வாழைப்பழத் தோல் நூலால் கட்டப்பட்டிருந்தது. அவிழ்த்தாள். உள்ளே சோதனைக் குழாயின் வாய்ப்பகுதி, கொடுக்கு மாதிரி இரண்டு முனைகளோடு. தொடர்ந்து கிளறியதில் ஆரஞ்சுத் தோலுக்குள் ஒன்று, முட்டை ஓட்டுக்கு நடுவே இரண்டு. பத்து நிமிடத்தில் நாற்பது பிள்ளைகள் வந்து போட்டி போட்டுக் கையை விடப்போகிற டிரம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பாத்தியா! நீ சொல்லிக் குடுத்த லட்சணம்! விஷமம் பிடிச்ச பிள்ளைங்க!"

அவள் லாரிப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். வாழைத்தோலை மடியிலேயே வைத்திருந்தாள்.

"விஷமம் இல்லண்ணே. பயம். குப்பையைப் பிரிச்சா நம்மளைக் கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். ஒளிக்கத்தான் கத்துக்கிட்டாங்க. தங்கச்சி கைக்கு நானே குழி வெட்டியிருக்கேன்."

அன்று பாடம் கிடையாது என்று சொல்லிவிட்டாள். டிரம்மைப் பூட்டினாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் அந்த இரட்டைச் சடைக்காரியைத் தேடிப் போனாள். "உன் குப்பையை எடுத்து நாலு பேருக்கு முன்னால வெளிச்சம் போட்டேன். அது என் தப்பு. உன் தப்பு இல்ல" என்றாள். அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்து ஆய்வகத்துக்குப் போனாள். அங்கே கரும்பலகையின் ஓரத்தில், குழாய் உடைத்தவர்கள் என்று தலைப்புப் போட்டுப் பதினாறு பெயர்கள் இருந்தன.

"சார், இதை அழிச்சிடுங்க."

"அழிச்சா எல்லாரும் இஷ்டத்துக்கு உடைப்பாங்கம்மா."

"உடையறது எப்படியும் உடையும் சார். ஒளிக்கறதுதான் கையை வெட்டுது." வாழைத்தோலையும் அதற்குள் இருந்ததையும் மேஜையில் வைத்தாள். "நீங்க அழிக்கற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன். எட்டு மணி நேரம் நின்னு பழக்கம்."

ஆசிரியர் வாழைத்தோலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் அழித்தார்.

அந்த வாரம் முழுவதும் அவள் தன் வீட்டுக் குப்பையைப் பிரிக்காமல் ஒரே மூட்டையில் சேர்த்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை நான் வாசலில் ஹாரன் அடித்தபோது உள்ளே அக்கா தங்கச்சி சண்டை தெருவுக்குக் கேட்டது.

"நம்ம வீட்டு மானத்தை மூட்டை கட்டி ஊர்வலம் கொண்டு போறியா?"

"அவங்க மானத்தை நான் கொட்டினேன்ல? இப்ப என் முறை."

"அப்ப நல்லதா நாலு பொறுக்கி எடுத்துட்டுப் போ."

"ஒண்ணும் எடுக்க மாட்டேன். ஏமாத்தினா பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சிடும்."

பிறகு தங்கச்சியே இடது கையால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் லாரியில் போட்டாள். "இருக்கறபடியே கொண்டு போகட்டும்ணே" என்றாள்.

வகுப்பில் மூட்டையை மேஜைமேல் வைத்துவிட்டுக் குறிக்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள். "இது என் வீட்டுக் குப்பை. ஒரு வாரத்துது. இன்னிக்கு நீங்க குறி சொல்லுங்க. நான் பதில் பேச மாட்டேன்."

ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளினார்கள். கடைசியில் முன்பல் விழுந்தவன் கையுறை மாட்டிக்கொண்டு வந்தான். "வெங்காயத் தோல் நிறைய. அக்கா வீட்ல தினம் வெங்காயம்தான்." கொஞ்சம் சிரிப்பு. "வலி மாத்திரை அட்டை. ரெண்டு." "தலைக்குப் போடற சாயம்!" பெரிய சிரிப்பு. அவள் முகம் சிவந்தது. எழுந்து ஓடவில்லை. "கட்டுத் துணி. நெறைய இருக்கு." சிரிப்பு குறைந்தது.

இரட்டைச் சடைக்காரி எழுந்து வந்தாள். மூட்டையின் அடியில் கையை விட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் கொட்டினாள். ஒன்பது பட்டன்கள். நூலோடு வெட்டி எடுத்தவை. சிலது வெள்ளை, சிலது நீலம், சிவப்பில் பூப்போட்ட பெரிய பட்டன் மூன்று. கூடவே, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டியின் காலி உறை.

அந்தப் பெண் பட்டன்களையும் உறையையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டுத் துணியைப் பார்த்தாள். குறி சொல்கிற குரலே இல்லை அது. "உங்க வீட்ல யாருக்கோ பட்டன் போட முடியாது. வெரல் மடங்காது. நீங்க எல்லாச் சட்டையிலயும் பட்டனை வெட்டிட்டுப் பட்டி தெச்சிருக்கீங்க."

பதில் பேச மாட்டேன் என்று சொன்ன குறிக்காரி பட்டன்களைக் கையால் ஒன்றாகக் கூட்டினாள். பிறகு சொன்னாள். தங்கச்சியைப் பற்றி, பழத்தோல் பையைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி. அழவில்லை. ஒன்று விடாமல் வேலைக்கணக்கு ஒப்பிப்பது மாதிரிச் சொன்னாள். அழுதது நான்தான். கதவுக்குப் பின்னால் நின்றிருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

"எங்க ஸ்கூல் குழாயா?" என்று ஒரு குரல்.

"ஆமா."

"யாருதுன்னு தெரியுமா?"

"தெரியும்." பர்சைத் திறந்து நான்காக மடித்த தாளை எடுத்தாள். கறை பழுப்பாகிவிட்டிருந்தது. "பேர் இதுல இருக்கு."

அவள் எழுந்து பள்ளியின் பின்பக்கம் நடந்தாள். எல்லோரும் பின்னால் போனார்கள். முந்தின நாளே அவளும் நானும் டிரம்மைக் கவிழ்த்து, சலித்து, கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி அடுக்கியிருந்தோம். மூடியைத் திறந்தாள். மடித்த தாளை மடித்தபடியே சின்னச் சின்னதாகக் கிழித்து உள்ளே போட்டாள். இலையை அள்ளி மேலே போட்டாள். தண்ணீர் தெளித்தாள்.

"தாள் மக்க எத்தனை நாள் ஆகும்? சொல்லிக் குடுத்திருக்கேன்ல?"

"ரெண்டு மாசம்" என்று ஒரு பிள்ளை மெல்லச் சொன்னது.

"ரெண்டு மாசத்துல உரம். அத்தோட சரி. இனிமே உடைஞ்சா டப்பா. யார் உடைச்சான்னு நான் கேக்க மாட்டேன், சாரும் கேக்க மாட்டாரு. உங்க குப்பைக்கு இனி நான் குறியும் சொல்ல மாட்டேன்."

கிளம்பும்போது இரட்டைச் சடைக்காரி வந்து, "அந்தப் பட்டன் எல்லாம் நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். "குப்பைதானே, எதுக்கு?" என்றதற்கு, "சும்மா" என்றாள்.

சொன்ன தேதியில் தங்கச்சி வேலைக்குத் திரும்பினாள். பட்டி வைத்துத் தைத்த சட்டை, இரட்டைக் கையுறை, கட்டை விரல் மட்டும் முறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பள்ளி மூட்டைகளை இறக்கிவிட்டு நான் போகாமல் நின்றேன். குறிக்காரி தன் பங்கை விட்டுவிட்டுத் தங்கச்சியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் மூட்டையில் காகிதம் காகிதமாக இருந்தது. பாட்டில்கள் கழுவியிருந்தன. இரண்டாவது மூட்டையிலிருந்து ஒரு சாக்பீஸ் டப்பா உருண்டு வந்தது. நாலு பக்கமும் டேப் சுற்றி, மேலே ஏதோ ஒட்டியிருந்தது. தங்கச்சி எட்டி எடுத்தாள்.

"அக்கா, இங்க பாரு! இது என் சிவப்புச் சட்டைப் பட்டன்!"

உலுக்கினாள். உள்ளே கண்ணாடி கலகலத்தது.

ஓடுகிற பெல்ட்டில் எழுத்தைப் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது என்று அந்தப் பிள்ளைகள் யோசித்திருக்கிறார்கள். பட்டன் ஒட்டியிருந்தால் கண்ணாடி. ஒரே நாளில் கொட்டகை முழுக்கத் தெரிந்துவிட்டது. வாரம் இரண்டு, சில வாரம் ஒரே ஒரு டப்பா. ஐந்தாவது வாரம் நீலப் பட்டன் ஒன்று ஒன்பதாவதாக வந்தபோது நான் விரல் விட்டு எண்ணினேன். பட்டன் தீர்ந்துவிட்டது, இனி என்ன செய்வார்கள்?

பத்தாவது டப்பாவும் வந்தது. அதில் ஒட்டியிருந்தது பள்ளிச் சீருடையின் வெள்ளைப் பட்டன். பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். "யார் சட்டையிலேர்ந்து பிச்சதுன்னு குறி சொல்லுடி!" என்று நச்சரித்தார்கள். குறிக்காரி வாயைத் திறக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வகுப்பில் எட்டிப் பார்த்தேன். இரட்டைச் சடைக்காரியின் சட்டைக் கழுத்தில் பட்டனுக்குப் பதில் ஊக்கு. அவளுக்குப் பக்கத்தில் ஊக்கு. முன்பல் விழுந்தவனுக்கு இரண்டு ஊக்கு. பதினொன்று வரை எண்ணினேன். வரப்போகிற டப்பாக்களுக்கும் இப்போதே பிய்த்து வைத்துவிட்டார்கள்.

அதைக் கேள்விப்பட்ட தங்கச்சி அடுத்த ஒரு வாரம் பெல்ட்டில் வந்த பழைய துணிகளிலிருந்தெல்லாம் பட்டன் வெட்டினாள். மற்ற பெண்களும் வெட்டிக் கொடுத்தார்கள். ஒரு ஊறுகாய் பாட்டில் நிறைந்தது. வெள்ளிக்கிழமை அவளே என் லாரியில் ஏறிக்கொண்டாள். அக்கா வேண்டாம் என்றாள், சண்டை போட்டாள், பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.

வகுப்பில் போய் நின்று தங்கச்சி சொன்னது இவ்வளவுதான்: "சட்டையைப் பிச்சுக்காதீங்க. வந்து வாங்கிக்கங்க."

நாற்பது பேரும் வரிசையில் வந்தார்கள். மடங்காத அந்த விரலாலும் மற்ற விரல்களாலும் பட்டன் பட்டனாக எடுத்து ஒவ்வொரு உள்ளங்கையிலும் வைத்தாள். சில நழுவிக் கீழே விழுந்தன, குனிந்து எடுத்து மறுபடி வைத்தாள். தாளில் பெயர் இருந்த பிள்ளையும் அந்த வரிசையில் வந்துதான் இருக்கும். எது என்று அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு முகத்தையும் ஒரே மாதிரி பார்த்தாள். நாற்பதாவது கைக்கும் கொடுத்துவிட்டு, பாட்டிலை அக்காவிடம் நீட்டி, "மூடி போடு, எனக்குத் திருக வராது" என்றாள்.